மாட்டின் ஏப்பமும் பாலின் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, இலையும் தழையும் அழுகிச் சேறு படிந்த ஓரம் ஒன்றில் கோலை ஊன்றிக் கலக்கினால், குமிழிகள் மேலெழுந்து வெடிப்பதைக் காணலாம். அவற்றில் அடைபட்டிருக்கும் காற்றுக்குச் சதுப்பு வாயு என்பது பழைய பெயர். இருட்டிலே சதுப்பு நிலங்களில் எரிந்து மறைவதாகக் கிராமத்தார் சொல்லிவந்த கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் இவ்வாயுவையே காரணமாகக் காட்டிய அறிஞர் உண்டு. 1776ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு விஞ்ஞானியான வோல்ற்றா, மஜ்ஜோரே ஏரியின் கரையில் இவ்வாறே சேற்றைக் கலக்கி, எழுந்த குமிழிகளைப் போத்தலில் பிடித்து, அந்தக் காற்று தீப்பற்றி எரிவதைக் கண்டார். மின்கலத்தைப் பிற்காலத்தில் உலகுக்கு அளித்தவரும் அவரே. அவர் போத்தலில் பிடித்த அந்த வாயுதான் மெதேன்.

வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்குச் செல்பவர், இதே வாயு உற்பத்தியாகும் மற்றோர் இடத்தை வழிநெடுகிலும் காண்பார். அது மரநிழலிலே படுத்து, கண்களைப் பாதி மூடி அசைபோட்டுக்கொண்டிருக்கும் மாட்டின் வயிறு. வாவியின் அடிச்சேற்றுக்கும் மாட்டின் முதல் வயிற்றுக்கும் உள்ள ஒற்றுமை வெறும் உவமையன்று. இரண்டிலும் பிராணவாயு இல்லை. இரண்டிலும் தாவரப்பொருள் ஊறிச் சிதைகிறது. இரண்டிலும் ஒரே குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் வாழ்ந்து ஒரே வாயுவை உண்டாக்குகின்றன.

வாவிக்குக் கிழக்கே கடல்வரை உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே உள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. மண்முனை மேற்குப் பிரதேசமாகிய வவுணதீவு படுவான்கரையைச் சேர்ந்தது. இங்கே வேளாண்மை என்றால் நெற்பயிர். வட்டை என்றால் வயல்வெளி. பட்டி என்றால் மாட்டுக்கூட்டம். உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் சிறுபோகமும் விளைவிக்கப்படுகிறது. மழையை மட்டும் நம்பிய வட்டைகளில் பெரும்போகம் ஒன்றே.

மாட்டின் ஆண்டும் நெல்லின் ஆண்டும் இங்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புரட்டாதி, ஐப்பசியில் விதைப்புத் தொடங்கியதும் பட்டிகள் வயலை விட்டு விலகி, மேற்கேயுள்ள மேய்ச்சல் தரைகளையும் காட்டோரங்களையும் நாடிச் செல்லவேண்டும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அவை வட்டைக்குத் திரும்பி, அறுத்த தாளையும் சிந்திய கதிரையும் மேய்கின்றன. அதன்பின் வரும் மாதங்கள் கடினமானவை. வடகீழ்ப் பருவமழை நின்று, கச்சான் காற்று வீசி, ஆனி முதல் ஆவணிவரை புல் காய்ந்து நாராகிவிடும். அக்காலத்து மாடு வயிறு நிறைய மேய்ந்தாலும் உடல் தேறுவதில்லை. பால் ஒரு போத்தல், இரண்டு போத்தல் என்று சுருங்கிவிடுகிறது. வயிறு நிறைந்தும் பால் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அந்த வழி நேரே மெதேன் வாயுவிற் கொண்டுபோய்விடும்.

புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரை மாடு தன் சொந்தச் சக்தியால் செரிக்க வல்லதன்று. அதற்கென்று அது ஒரு பெரிய தொட்டியை வயிற்றிலே சுமந்து திரிகிறது. அந்த முதல் வயிற்றில் எந்நேரமும் ஏறக்குறைய 39 பாகை உஷ்ணம் நிலவும். கோடானுகோடி பற்றீரியாக்களும், அவற்றிலும் பெரிய ஓரணு உயிர்களும், பூஞ்சணங்களும் அங்கு குடியிருந்து நாரை உடைக்கின்றன. உடைந்த நாரிலிருந்து அசற்றிக்கமிலம் முதலிய சில அமிலங்கள் உண்டாகி, வயிற்றுச் சுவரினூடாக இரத்தத்திற் கலக்கின்றன. மாட்டுக்கு உரிய உணவு உண்மையில் இந்த அமிலங்களே. மாடு புல்லைத் தின்கிறது என்பதைவிட, நுண்ணுயிர்களுக்குப் புல்லை ஊட்டி, அவை விட்ட மிச்சத்தைத் தான் உண்கிறது என்பதே பொருத்தம். அமெரிக்க விஞ்ஞானி றொபேட் ஹங்கேற் இந்த நுண்ணுயிர் உலகத்தை ஆராய்வதிலேயே ஆயுளிற் பெரும்பகுதியைக் கழித்து, 1966ஆம் ஆண்டில் அதைப்பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார்.

நார் உடையும்போது அமிலங்களோடு ஐதரசன் வாயுவும் வெளிப்படுகிறது. அது அகற்றப்படாமல் தேங்கினால் நுண்ணுயிர்களின் வேலை தடைப்பட்டுப்போகும். அதனை அகற்றுவதற்கென்றே அங்கு ஒரு கூட்டம் உண்டு. ஐதரசனின் நான்கு மூலக்கூறுகளைக் கரியமிலவாயுவின் ஒரு மூலக்கூற்றோடு சேர்த்து, ஒரு மூலக்கூறு மெதேனும் இரண்டு மூலக்கூறு நீரும் ஆக்குவதே அதன் தொழில். ஆகவே மெதேன் மாட்டின் நோயன்று. அந்தத் தொட்டி இயங்குவதற்கு வேண்டிய வடிகால். ஆனால் வடிகாலில் ஓடுவது நல்ல நீர். மெதேன் எரியும் வாயு என்பதை வோல்ற்றா கண்டாரல்லவா? எரியக்கூடியது எதுவோ, அதில் சக்தி இருக்கிறது. அந்தச் சக்தி மாடு தின்ற புல்லிலிருந்து வந்தது. மாட்டுக்குப் பயன்படாமல் வெளியேறுகிறது.

வெளியேறும் வழியைப்பற்றிப் பலரிடம் ஒரு பிழையான எண்ணம் உண்டு. பின்வழியாக வெளியேறுவது மிகச் சிறிய பங்கே. ஏறக்குறைய முழுவதும் ஏப்பமாகவும் மூச்சாகவும் வாய், மூக்கு வழியாகவே வெளிப்படுகிறது. படுத்திருக்கும் மாட்டின் கழுத்தைச் சற்று நேரம் உற்றுநோக்கினால், இரை மேலேறுவதற்கு இடையிடையே ஓசையின்றி ஏப்பம் கழிவதைக் காணலாம்.

உலகம் இந்த ஏப்பத்தைக் கவனிக்கத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. மெதேன், வளிமண்டலத்தில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பமூட்டும் வல்லமை அதற்குண்டு. ஆனால் அது சுமார் பன்னிரண்டு ஆண்டுகளிலே சிதைந்துவிடும். கரியமிலவாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். இதனால் மெதேனைக் குறைப்பதன் பலன் ஒரு தலைமுறைக்குள்ளேயே தெரியும். மனிதர் செயலால் உண்டாகும் மெதேனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கால்நடைகளாலும், நூற்றுக்கு எட்டுப் பங்கு நீர் தேங்கிய நெல்வயல்களாலும் வருவதாக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2021இல் கணித்தது. மாடும் நெல்லுமே வாழ்வாகக்கொண்ட படுவான்கரையின் பெயர் இந்தக் கணக்கில் இருபக்கத்திலும் விழுகிறது. புகை கக்கும் ஆலையோ பெருந்தெருவோ இல்லாத ஊரைப் பார்த்து, உன் மாடுதான் உலகைச் சுடுகிறது என்பது அநியாயமாகத் தோன்றலாம். தோன்றுவதிற் பிழையுமில்லை. ஆயினும் பட்டிக்காரருக்கு உலகத்தின் கணக்கைவிட அருகில் ஒரு கணக்கு உண்டு. வெளியேறும் வாயு எவ்வளவு, அதில் எவ்வளவு பாலின் சக்தி போகிறது என்பதே அது.

ஒரு மாடு விடும் வாயுவை அளப்பது எளிய காரியமன்று. காற்றுப் புகாத அறைக்குள் மாட்டை நாட்கணக்கில் நிறுத்தி, உட்செல்லும் காற்றையும் வெளிவரும் காற்றையும் ஒப்பிடுவது பழைய முறை. மேயும் மாட்டுக்கு அது உதவாது என்று கண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர், சிறிதளவு வேறொரு வாயுவை மெல்ல மெல்லக் கசியவிடும் குழாயை மாட்டின் வயிற்றுள் இட்டு, மூக்கருகே கழுத்திற் கட்டிய கலத்தில் மூச்சைச் சேகரித்து ஒப்பிடும் முறையை 1990களில் உருவாக்கினர். எம்முறையாயினும் செலவு பெரிது. உலகிலுள்ள கோடிக்கணக்கான மாடுகளை எவராலும் அளந்து முடிக்க இயலாது. ஆகவே சிலவற்றை அளந்து, மற்றவற்றைக் கணித்துக் கூறும் சூத்திரங்கள் தோன்றின.

அவற்றுள் பேர்பெற்றது, ஸ்கொத்லாந்து நாட்டின் ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த பரிசோதனைகளிலிருந்து பிளாக்ஸ்ரர், கிளாப்பேட்டன் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட சூத்திரம். உணவு எவ்வளவு செரிக்கக்கூடியது, உயிர்தரிக்கத் தேவையான அளவுக்கு எத்தனை மடங்கு உண்ணப்படுகிறது என்ற இரண்டையும் கொண்டு அவர்கள் கணித்தனர். விடை சற்று வியப்பானது. நூற்றுக்கு 70 பங்கு செரிக்கும் நல்ல உணவை உயிர்தரிக்கும் அளவுக்கு மட்டுமே தின்னும் மாடு, அவ்வுணவின் சக்தியில் எட்டுப் பங்கை மெதேனாக இழக்கிறது; அதே உணவை மும்மடங்கு தின்றால் இழப்பு ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவாகிறது. 50 பங்கே செரிக்கும் வைக்கோல் போன்ற உணவிலோ, குறைவாகத் தின்றாலும் கூடுதலாகத் தின்றாலும் இழப்பு ஏழு பங்கையொட்டியே நிற்கிறது. நல்ல உணவு கொடுத்தால் உடனே வாயு குறையும் என்று எளிதாகச் சொல்வோர் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். நல்ல உணவு நிறையவும் கிடைத்தாலன்றி இழப்பின் வீதம் குறைவதில்லை.

அதன்பின் எத்தனையோ சூத்திரங்கள் வந்தன. ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய இடங்களிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பசுக்களின் பதிவுகளைத் திரட்டி 2018இல் ஒரு பெரிய ஒப்பீடு வெளியாயிற்று. அதன் சாரம் பழையதே: மாடு ஒரு நாளில் தின்னும் உலருணவின் அளவு தெரிந்தால், மெதேனின் அளவில் பெரும்பகுதி தெரிந்ததாகும். மற்றவையெல்லாம் அதைச் செம்மைப்படுத்தும் திருத்தங்கள். அப்பதிவுகளுள் படுவான்கரையின் சிறிய நாட்டுப் பசுவைப் போன்றவை இல்லை என்பதையும் மறத்தலாகாது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2006இல் வகுத்த பொதுக் கணக்கில், இந்தியத் துணைக்கண்டத்துக் கறவைப் பசுவுக்கு ஆண்டொன்றுக்கு 58 கிலோ மெதேன், ஏனைய மாட்டுக்கு 27 கிலோ, எருமைக்கு 55 கிலோ என்று எழுதப்பட்டிருக்கிறது. அளந்து பாராத நாடுகள் எடுத்தாளும் சராசரிகள் இவை.

இக்கணக்கைப் பட்டியின் அருகிலேயே செய்து பார்க்கலாம். தராசு வேண்டியதில்லை, தையற்காரரின் அளவுநாடா போதும். மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த அங்குலத்தை அதே எண்ணாற் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனைவரையுள்ள நீளத்தாற் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சளவு 54 அங்குலம், நீளம் 46 அங்குலம் உடைய பசு ஏறத்தாழ 200 கிலோ. அது நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு, அதாவது 5 கிலோ உலருணவு தின்னும் என்று கொள்வோம். பச்சைப் புல்லானால் அது 20 கிலோவுக்கு மேலாகும். ஏனெனில் பச்சைப் புல்லின் பெரும்பகுதி நீரே. ஒரு கிலோ உலருணவில் 18.45 மெகாயூல் சக்தி உண்டு. ஐந்து கிலோவில் 92. அதில் நூற்றுக்கு ஆறரைப் பங்கு மெதேனாகிறது என்பது மேற்படி குழு காட்டும் வீதம். எனவே நாளொன்றுக்கு 6 மெகாயூல் வாயுவாய்ப் போகிறது. ஒரு கிலோ மெதேனில் 55.65 மெகாயூல் அடங்கியிருப்பதால், போன வாயுவின் எடை ஏறக்குறைய 108 கிராம். ஆண்டுக்கு 39 கிலோ. சராசரிப் பட்டியலிலுள்ள 58இலும் சேராமல் 27இலும் சேராமல் இவ்வெண் நடுவே நிற்பது கவனிக்கத்தக்கது.

ஆறு மெகாயூல் என்பதை எண்ணாக விட்டுவிட்டால் அது மனத்திற் பதியாது. ஒரு லீற்றர் பசுப்பாலில் உள்ள சக்தி சுமார் 3 மெகாயூல். அப்படியானால் அந்தச் சிறு பசு ஒவ்வொரு நாளும் இரண்டு லீற்றர் பாலின் சக்தியை ஏப்பமாக விடுகிறது. அந்தச் சக்தி முழுவதையும் பாலாக மாற்ற இயலாது. வாயுவை அறவே ஒழிக்கவும் முடியாது. எனினும் ஒன்றரை லீற்றர் பால் கறக்கும் பசு இரண்டு லீற்றருக்கு உரிய சக்தியைக் காற்றில் விடுகிறது என்பது, பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீட்டில் சிறிய செய்தியன்று.

இனி உணவுக்கு வருவோம். படுவான்கரையில் தாராளமாகக் கிடைப்பது வைக்கோல். முன்னாளில் களத்திலே சூடு மிதித்து, வைக்கோலைப் போராகக் குவித்தனர். இன்று அறுவடை இயந்திரம் நெல்லைப் பிரித்தெடுத்து, வைக்கோலை வட்டை முழுவதும் சிதறிவிட்டுச் செல்கிறது. அதைச் சேர்க்க ஆட்கூலி வேண்டும், சேர்க்காதவர் கொளுத்துகின்றனர், கொளுத்தாதது மழையில் மக்குகிறது. ஆவணியில் மாடு காய்ந்த தாளை நக்கித் திரியும்போது, பங்குனியில் எரிந்த வைக்கோலின் நினைவு வராமற் போகாது.

வைக்கோல் ஏழைகளின் உணவு என்பர் கால்நடை வைத்தியர். அதில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கையொட்டியே உள்ளது. நுண்ணுயிர்கள் செழித்து வேலை செய்ய ஏழு பங்காவது வேண்டும். நாரோ மரப்பசை போன்ற ஒரு பொருளாற் பிணைக்கப்பட்டு உடையாமற் கிடக்கிறது. இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்கும் முறை யூரியா ஊறல். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை வைக்கோலின் எடையளவு நீரில் முற்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமற் பொலித்தீனால் மூடிப் பத்து நாள் முதல் மூன்று வாரம்வரை வைத்திருக்கவேண்டும். யூரியாவிலிருந்து எழும் அமோனியா நாரின் பிணைப்பைத் தளர்த்துகிறது; ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்கி நுண்ணுயிர்களுக்குப் புரத மூலமாகிறது. திறந்தபின் சிறிது நேரம் காற்றாடவிட்டு, முதலில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கவேண்டும். கரையாத யூரியாவை மாடு நேரே தின்றாலும், யூரியா கலந்த நீரைக் குடித்தாலும் இறந்துபோகும்; இதில் மட்டும் அலட்சியம் கூடாது.

இது இலங்கைக்குப் புதியதன்று. 1980களில் வைக்கோற் பயன்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் இந்நாட்டிலேயே இம்முறை விரிவாக ஆராயப்பட்டு, அதன் அறிக்கைகள் 1989இல் தொகுக்கப்பட்டு வெளியாயின. ஊறவைத்த வைக்கோலை மாடுகள் கூடுதலாகத் தின்றன. தின்றது கூடுதலாகச் செரித்தது. அப்படியிருந்தும் முறை பரவவில்லை. வைக்கோலை வண்டியேற்றிக் கொண்டுவரும் செலவு, பொலித்தீன், யூரியா, ஒரு நாள் வேலை ஆகியவற்றுக்கு ஈடாகப் பால் விலை நின்றால்தான் அது பட்டிக்காரருக்குக் கட்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் தடை நீங்கியபின்னும் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, நெல்லுக்கே யூரியா இல்லாத நிலையில் வைக்கோலுக்கு எங்கே தெளிப்பது? ஆராய்ச்சி நிலையத்தில் வென்ற முறை வட்டையிலே தோற்பதற்குக் காரணம் பல வேளைகளில் விவசாயியின் அறியாமை அல்ல.

யூரியா கிடையாத இடத்தில் வேலியிலே ஒரு மாற்று நிற்கிறது. கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவையை 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்தது. அதன் இலையில் வைக்கோலிலும் பன்மடங்கு புரதம் உண்டு. பச்சையாகக் கொடுத்தால் அதன் மணத்துக்கு மாடு முகத்தைத் திருப்பும். அரைநாள் வாடவிட்டுக் கொடுத்தால் மெல்ல மெல்லப் பழகிவிடும். இப்பில் இப்பில் இலையும் நன்று. அதிலுள்ள துவர்ப்புச் சத்து மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களை ஓரளவு அடக்கவும் செய்கிறது. ஆனால் அதில் ஒரு நஞ்சும் இருப்பதால், உணவில் மூன்றிலொரு பங்குக்கு மேற்போகக் கூடாது. ஹவாயித் தீவின் ஆடுகள் இவ்விலையைத் தாராளமாகத் தின்றும் கேடுறாமல் இருப்பதைக் கவனித்த அவுஸ்திரேலிய விஞ்ஞானி றேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் வயிற்றில் அந்நஞ்சை முறிக்கும் பற்றீரியா இருப்பதைக் கண்டறிந்தார்; அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தென்னை விளையும் நாட்டிலே தேங்காய்ப் புண்ணாக்கைச் சொல்லாமல் விடலாகாது. அதில் எஞ்சியிருக்கும் எண்ணெய் மெதேன் ஆக்கும் கூட்டத்துக்கு ஆகாது. உணவில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் மெதேன் நான்கு, ஐந்து பங்கு குறைவதாகப் பல பரிசோதனைகள் காட்டுகின்றன. மொத்தக் கொழுப்பு ஆறு பங்கைத் தாண்டினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மடங்கும். ஆகையால் அளவோடு நிற்கவேண்டும். தவிடு முதலிய மாச்சத்துள்ள உணவு வேறு வழியில் உதவுகிறது. நார் உடைந்து அசற்றிக்கமிலம் ஆகும்போது ஐதரசன் வெளிப்படும். மா உடைந்து புரோப்பியோனிக்கமிலம் ஆகும்போது ஐதரசன் உள்ளே செலவாகும். செலவானது போக எஞ்சுவதே மெதேனாகும்.

பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்படுபவை வேறு. அஸ்பரகொப்சிஸ் என்ற செந்நிறக் கடற்பாசியைச் சிறிதளவு தீவனத்திற் கலந்து, மெதேன் 80 வீதத்துக்கு மேல் குறைந்த பரிசோதனைகள் உண்டு. போவேர் என்ற பெயரில் விற்கப்படும் மருந்தொன்றைக் கறவைப் பசுக்களுக்கு ஊட்ட ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதித்தது. அது ஏறக்குறைய 30 வீதம் குறைக்கிறது. 2021இல் இந்தியாவில், பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியில் பிறந்த ஹரித் தாரா என்ற துவர்ப்புத் தாவரக் கலவை 17 முதல் 20 வீதம்வரை குறைப்பதாக அறிவிக்கப்பட்டது. கடற்பாசி என்றதும் வாவியில் மிதக்கும் பாசியை அள்ளிப் போடலாமோ என்று எண்ணவேண்டாம். எல்லாப் பாசியிலும் அந்தக் குணம் இல்லை. அன்றியும், இவை தீவனத்தோடு கலந்து நாள்தோறும் தவறாமல் உள்ளே போகவேண்டியவை. தொழுவத்திற் கட்டித் தீனி போடும் நாடுகளுக்கு ஏற்றவை. விடியலிற் பட்டி திறந்து அந்தியில் அடையும் மாட்டுக்கு யார் கவளந்தோறும் மருந்து ஊட்டுவது? வவுணதீவுக்கு இவை இப்போதைக்குத் தொலைதூரச் செய்தி.

இங்கே மீண்டும் கணக்குக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. ஊறவைத்த வைக்கோலும் கிளிரிசிடியா இலையும் சிறிது புண்ணாக்கும் பெற்ற அதே பசு, ஐந்து கிலோவுக்குப் பதிலாக ஆறு கிலோ தின்கிறது என்றும், ஒன்றரை லீற்றருக்குப் பதிலாக மூன்று லீற்றர் கறக்கிறது என்றும் உதாரணத்துக்காகக் கொள்வோம். அதன் மெதேன் 108 கிராமிலிருந்து 129 கிராமாக உயரும், குறையாது. ஆனால் ஒரு லீற்றர் பாலுக்கு 72 கிராம் என்றிருந்தது 43 கிராமாக இறங்கிவிடும். ஆறு லீற்றர் பால் வேண்டிய வீட்டுக்கு முன்பு நான்கு பசுக்கள் வேண்டியிருந்தன. அவை விட்ட வாயு 432 கிராம். இப்போது இரண்டு போதும். வாயு 258 கிராம். இந்தியத் தேசியப் பால்வள வாரியம் 2012 முதல் கிராமம் கிராமமாகச் சென்று, கைவசமுள்ள தீவனங்களையே அளவறிந்து கலந்து ஊட்டச் செய்த திட்டத்திலும், பாலின் அலகொன்றுக்கான மெதேன் பத்து வீதத்துக்கு மேல் குறைந்தது. புதிதாக ஒரு மருந்தும் அங்கு சேர்க்கப்படவில்லை.

இரண்டு போதும் என்ற இடத்திலே பட்டிக்காரர் தலையசைக்க மாட்டார். அவருக்கு மாடு பாற்பாத்திரம் மட்டுமன்று. மகளின் சீதனமும் மகனின் படிப்பும் அதுவே. வேளாண்மை பொய்த்த ஆண்டின் சேமிப்பும் அதுவே. வங்கியில் இட்ட பணத்தை, வட்டி கூடிவிட்டதென்பதற்காக எவரும் பாதியாகக் குறைப்பதில்லை. நன்றாக ஊட்டிய பசுக்களும் நான்காகவே நின்றால் பால் இரட்டிப்பாகும், குடும்பம் செழிக்கும், வாயுவும் 516 கிராமாகக் கூடும். லீற்றருக்குக் குறைந்தது என்று அறிக்கை எழுதலாம். வானத்துக்கு லீற்றர்க் கணக்குத் தெரியாது. ஆகவே உணவுச் சீர்திருத்தம் மட்டும் உலகின் வெப்பத்தைக் குறைத்துவிடும் என்று வாக்களிப்பது நேர்மையன்று. பாலுக்கு நிச்சயமான விலையும், மாடு இறந்தால் ஈடு தரும் காப்புறுதியும் இருந்தால், கறவாத மாடுகளைக் கழிக்கப் பட்டிக்காரர் தாமே முன்வருவார். அவை இல்லாமல் எண்ணிக்கையைக் குறையென்பது சேமிப்பைத் துறவென்பதாகும்.

மற்றொரு தடை மேய்ச்சல் தரை. மட்டக்களப்பின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவணை நிலங்களில் வெளியார் பயிர்செய்யப் புகுந்ததை எதிர்த்துப் பாற்பண்ணையாளர் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சித்தாண்டியிலே தொடர்போராட்டம் தொடங்கினர். அத்தகராறின் நியாயங்கள் வேறிடத்தில் பேசப்படவேண்டியவை. உணவுக் கணக்கோடு அதற்குள்ள தொடர்பு ஒன்றே: தரை சுருங்கினால் மாடு உயிர்தரிக்கும் அளவுக்கும் தின்னாது. அவ்வாறு மெலிந்த பசு நான்கு வயது கடந்தும் சினைப்படாது. ஈன்றாலும் அடுத்த ஈற்றுக்கு இரண்டு ஆண்டு செல்லும். அத்தனை நாளும் அது ஏப்பம் விடுகிறது. ஒரு துளி பாலும் தருவதில்லை. பட்டியின் மெதேனில் எவ்வளவு பங்கு இவ்வாறு பாலே இல்லாத மாடுகளால் வருகிறதென்று எண்ணிப் பார்த்தால், வைக்கோலும் மருந்தும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

எருமையின் கதை சற்று வேறு. முரட்டு நாரைப் பசுவிலும் நன்றாகச் செரிக்க வல்லது அது. கொழுப்பு மிகுந்த அதன் பாலே மட்டக்களப்புத் தயிருக்குப் பேர் வாங்கித் தந்தது. சட்டித் தயிருக்குக் கிடைக்கும் விலை பாலின் விலையிலும் மேலானது. ஆகவே தீவனச் செலவைத் தாங்கும் வலு எருமைப்பட்டிக்கு முதலில் வரக்கூடும். யூரியா ஊறலைச் சோதித்துப் பார்க்க விரும்பும் கால்நடை அலுவலர், பசுப்பட்டியை விட்டுத் தயிர்க்காரர் பட்டியிலே தொடங்குவது நலம்.

சோதனைக்கு ஒரு கொப்பி வேண்டும். மாதம் ஒருமுறை நெஞ்சளவும் நீளமும். நாள்தோறும் கறந்த பால். என்ன தீனி, எத்தனை கிலோ. ஓராண்டு எழுதிய பத்துப் பட்டிகளின் கொப்பிகள் சேர்ந்தால், 58 என்றும் 27 என்றும் எங்கோ எழுதிய சராசரிகளின் இடத்தில் வவுணதீவின் சொந்த எண் ஒன்று வந்துவிடும். அதைத் தொடங்க ஏற்ற காலம் மாசி மாதம். அப்போது வட்டையில் வைக்கோல் சிதறிக் கிடக்கும். அதை வாரிக் கட்டி, மழை படாத கொட்டிலில் ஏற்றிவிட்டால், ஆவணியில் திறக்கலாம்.